அத்தை தாண்ட விடாத பக்கம்

பக்கவாதம் வந்த பிறகு அத்தையிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். சரி.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் சரி. விளக்கை அணைக்கவா என்றாலும் சரி. அணைத்த பிறகு ஏன் அணைத்தாய் என்று கோபப்படுவதும் சரி, சரி, சரிதான். வலது கையும் வலது காலும் யாரோ கட்டிலில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்களைப்போலக் கிடந்தன.

அத்தை என்று இந்த வீட்டு மருமகள் கூப்பிடுவது தன் மாமியாரை. வீட்டின் முன்னறையிலேயே தையல்கடை நடத்தியவர். துணியோடு வருகிற பெண்களைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, "போன தடவைக்கு இந்தத் தடவை ஒரு சுத்து ஏறியிருக்கே, வீட்டுல சமையல் ஜாஸ்தியோ?" என்று நடுக்கடையில் கேட்பார். கேட்கப்பட்டவர்களும் சிரித்துக்கொண்டே மறுபடி வருவார்கள். ஊரில் அந்த வாய்க்குத் தப்பியவர் யாரும் இல்லை.

மருமகள் நேர் எதிர். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அறிவியல் படித்துவிட்டு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து, எந்த அணு எந்த வகை, எது சரியாக இல்லை என்று எழுதித் தர வேண்டும். அணுக்கள் அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை. அதனாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில் அத்தை அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். "ஊமைக்கோட்டானே, சாப்பிட்டியா?" என்று தையல் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே குரல் வரும். செல்லமாகத்தான் சொல்வார். குடும்பம் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மாலையில் அவள் வீட்டுக்குள் நுழையும்போதே, பகலில் அத்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

"சாப்பாடு பாதிதான் இறங்குச்சு. துணி மாத்திட்டேன். இடுப்புகிட்ட லேசா செவந்திருக்கு, பவுடர் போட்டிருக்கு. வரட்டுமா?"

"ம்."

"நீயும் செத்த நேரம் படும்மா. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

படுப்பதாவது. வாளியில் துணி ஊறிக்கொண்டிருக்கும். கணவன் சரக்குக் கிடங்கில் கடைசி வண்டி போன பிறகுதான் கிளம்புவான். அத்தையை ஒரு பக்கம் புரட்டி முதுகைத் துடைக்க வேண்டும். மறுபக்கம் புரட்ட வேண்டும். மசித்த சாப்பாட்டை ஊட்டி, வலது கன்னத்துக்குள் ஒதுங்கி நிற்பதை விரலால் வழித்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறிவிடும். எல்லாம் முடியும்போது அவளுடைய கழுத்து எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேசும். எழுந்து அடுத்த அறைக்குப் போகக்கூடத் தெம்பு இருக்காது. கட்டிலின் பக்கத்தில் இருக்கும் நாற்காலியிலேயே சரிந்துவிடுவாள்.

அப்படிச் சரிந்த ஒரு மாலையில்தான் அலமாரியிலிருந்து படக்கதைப் பெட்டியை எடுத்தாள்.

கெட்டி அட்டைத் தொகுதிகள், அடுக்கி வைக்க ஓர் உறை. முதல் சம்பளத்தில் முதல் தொகுதி வாங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகும் நிறுத்தவில்லை. கதையின் நாயகன் பெயர் தாங்கி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். விழுகிற எதையும் அவனால் தோளில் ஏந்திக்கொள்ள முடியும், பாலமோ ரயிலோ முழுக் கட்டடமோ. ஆனால் ஏந்தியிருக்கும்வரை ஓர் அடி நகர முடியாது. அவனுக்கு எதிரி இறகி. அவள் தொட்ட பொருளின் எடை போய்விடும். வங்கிப் பெட்டகத்தைப் பலூனைப்போல நூல் கட்டி இழுத்துக்கொண்டு தெருவில் நடப்பாள்.

கதையைவிட அவளுக்குப் படங்கள் பிடிக்கும். முதல் சில தொகுதிகளை வரைந்தவர் கறுப்பு மைக்குப் பயப்படாதவர். மழையைக் கோடு கோடாக வரையமாட்டார். பக்கம் முழுக்கக் கறுப்பைப் பூசிவிட்டு, அதன்மேல் பிளேடால் சுரண்டினாற்போல வெள்ளையில் இழுத்துவிடுவார். தாங்கி பாலத்தை ஏந்துகிற பக்கத்தில் வசனமே கிடையாது. முதல் கட்டத்தில் பாலம். அடுத்ததில் தோள். அடுத்ததில் கழுத்து நரம்பு. கடைசிக் கட்டத்தில் பூட்ஸ் மட்டும், அதன் கீழே தார்ச்சாலை வெண்ணெய்போலக் குழைந்து. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தோளும் கொஞ்சம் கீழே இறங்கும். பிறகு வேறு ஓவியர் வந்துவிட்டார். இவருக்குக் கை வரைய வராது. எங்கே விரல்களைக் காட்ட வேண்டுமோ அங்கே புகைமூட்டம் வந்துவிடும். அதையும் அவள் வாங்கினாள், திட்டிக்கொண்டே.

ஒருமுறை பரிசோதனைக் கூடத்தில், எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், ஒரு பக்கத்தின் மூலையை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். இறகியின் ஊதா உடுப்பில் ஊதா நிறமே இல்லை. நீலப் புள்ளிகளும் இளஞ்சிவப்புப் புள்ளிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

நன்றாக இருந்த காலத்தில் அத்தை இந்தப் புத்தகங்களைச் சும்மா விட்டதில்லை.

"ஏம்மா, இந்த ஆளு உடுப்புல ஒரு தையல் இல்லை, ஒரு பொத்தான் இல்லை, ஜிப்பும் காணோம். உள்ள எப்படிப் போனான்? ஊத்தி ரொப்பினாங்களா?"

"தெரியலை அத்தை."

"அவசரத்துக்கு ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவான்? உலகத்தைக் காப்பாத்தி முடிக்கிற வரைக்கும் அடக்கணும்போல."

சிரிப்பை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு அவள் சமையலறைக்கு ஓடிவிடுவாள்.

இப்போது அவள் கட்டிலருகே உட்கார்ந்து தனக்காகத்தான் பக்கங்களைப் புரட்டினாள். சில நாள் கழித்து, அத்தையின் கண்ணும் பக்கத்தின்மேல் இருப்பதைப் பார்த்தாள். அத்தைக்கு வலது பக்கப் பார்வையும் போயிருந்தது. அந்தப் பக்கம் ஆள் நின்றாலே தெரியாது. நாற்காலி இடது பக்கம் இருந்ததால் புத்தகம் அவர் கண்ணில் பட்டது. அவள் அதைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. வாய்விட்டுப் படிக்கவில்லை. வண்ணம் வண்ணமாக இருக்கிறதே, பார்க்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

புரிகிறது என்று நினைக்க வழியும் இல்லை. பேச்சுப் பயிற்சி தருகிறவர் வந்து, கதவுப் பக்கமாகவே நின்று, படம் போட்ட அட்டைகளை வரிசையாகப் பரப்பினார். சாவி, குடை, நாய்.

"சாவி எதும்மா? காட்டுங்க பாப்போம்."

"சரி" என்றார் அத்தை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க ஒரு பூனையா?"

"சரி."

பயிற்சியாளர் பேனாவை மூடினார். "நாம சொல்றது உள்ள போற மாதிரி தெரியலை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்றார். அந்தக் கொஞ்ச நாளில் அவரும் வரவில்லை, இவர்களும் கூப்பிடவில்லை.

நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகம் முழுவதும் அவள் கையில். எதையும் உட்கார்ந்து யோசிக்கமாட்டாள், நின்றபடியே முடித்துவிடுவாள். ஒருநாள் இரவு வந்தபோதும் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் ஆரம்பித்தாள்.

"நல்ல இடம்டா. நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே நடத்துறாங்க. நர்ஸ் இருக்காங்க, டாக்டர் வந்து போறார். ஒரு கட்டில் காலியாகியிருக்கு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரலைன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமாக்கா?" என்றான் கணவன்.

"கேட்டாப் போச்சு." நாத்தனார் கட்டிலின் மேல் குனிந்தாள். மழலையிடம் பேசுவதுபோலக் குரல் இழுபட்டது. "அம்மா... புது இடத்துக்குப் போலாமா? அங்க நல்லாப் பாத்துப்பாங்களாம். போலாம், சரியா?"

"சரி" என்றார் அத்தை. "சரி. சரி. சரி."

"பாத்தியா, அம்மாவே சரின்னுட்டாங்க." சொல்லி முடிப்பதற்குள் நாத்தனாரின் குரல் கம்மிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு இவள் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சொல்ற, ஊமைக்கோட்டான்? உன் உடம்பையும் பாக்கணுமா இல்லையா? இப்படியே போச்சுன்னா பக்கத்துக் கட்டில் உனக்குத்தான்."

"நீங்க சொல்றது நல்லதுதான் அண்ணி."

வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, முகம்கூடக் கழுவாமல் படுத்துவிடுவதை நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பே நாக்கில் இனித்தது.

மறுநாள் வேலையில் கண் எரிந்துபோயிருந்தது. இருந்தும் அத்தையைத் துடைத்துப் படுக்க வைத்த பிறகு இரண்டாம் தொகுதியை எடுத்தாள். இறகி மணிக்கூண்டின் எடையைத் திருடிவிட்டாள். அது ஊருக்கு மேலே மெல்ல மிதந்து போகிறது. கீழே சின்னச் சின்னத் தலைகள் அண்ணாந்து பார்க்கின்றன. இவள் தலை தொங்கியது. தூக்கக் கலக்கத்தில் பக்கத்தைத் திருப்பினாள்.

அத்தையின் இடது கை வந்து தாளின்மேல் பொத்தென்று விழுந்தது.

"சரி" என்றார்.

"தண்ணியா அத்தை?"

"சரி!" கை எடுபடவில்லை. நகம் தாளின் ஓரத்தைச் சுரண்டியது.

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து திரும்பியிருந்தன. ஊதிப் பிரித்தாள். இடையில் இருந்த பக்கத்தில் இறகியின் முகமூடி கழன்று விழுகிறது. உள்ளே இருப்பது தாங்கியோடு கிரேனில் வேலை செய்கிற பெண். அதைத் தாண்டிவிட்டால் அடுத்த பக்கத்தில் தாங்கி ஏன் அழுகிறான் என்று தெரியாது.

அத்தை கையை எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து திரும்ப மேலே போனார். பிறகு உள்ளங்கையால் தாளை ஒரு தட்டுத் தட்டினார், ஆச்சு, அடுத்தது என்பதுபோல.

அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

ஒருமுறை நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனவே அடுத்த மாலை வேண்டுமென்றே செய்து பார்த்தாள். தொகுதியில் இடையிடையே பழைய கைக்கடிகார விளம்பரம் ஒன்று வரும். அதைத் தாண்டினாள். அத்தை சும்மா இருந்தார். கதைப் பக்கம் ஒன்றைத் தாண்டினாள். கை வந்து விழுந்தது. ஏற்கெனவே பார்த்த பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். அத்தையின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சாயம் போகிற துணியை யாராவது தைக்கக் கொண்டுவந்தால் அப்படித்தான் கோணும்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அத்தை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இறகியின் தோள்பட்டையைத் துணி பார்ப்பதுபோலக் கிள்ளினார். பிறகு இவளை ஒரு பார்வை பார்த்தார். தையல் எங்கே?

"இல்லை அத்தை. இவளுக்கும் ஜிப் இல்லை."

"சரி" என்றார் அத்தை. இடது பக்க உதடு மட்டும் சிரித்தது.

அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தாள். இவ்வளவும் உள்ளே போகிறது என்றால் நாத்தனார் குனிந்து கேட்டதும் போயிருக்கும். புது இடம் என்றால் என்னவென்று தெரிந்துதான் கிடக்கிறார். அன்றைக்குச் சொன்ன நான்கு சரியும் எந்தச் சரி?

இது அவளுக்குச் சந்தோஷத்தைத் தரவில்லை. அதுதான் உண்மை. இதை வெளியே சொன்னால் கணவன் அம்மாவை அனுப்பமாட்டான். கட்டில் வேறு யாருக்கோ போய்விடும். வாளி, துணி, புரட்டல், மசியல், கழுத்து எல்லாம் அப்படியே இருக்கும். சொல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அத்தையால் சொல்ல முடியாது. தாங்கியும் இறகியும் சொல்லப்போவதில்லை.

பரிசோதனைக் கூடத்தில் சில சமயம் கிளம்புகிற நேரத்தில், தகட்டின் ஓரத்தில், இருக்கக் கூடாத அணு ஒன்று கண்ணில் படும். பார்க்காததுபோல எழுந்துவிட்டால் அறிக்கை சுத்தமாகப் போகும். அவள் ஒருநாளும் அப்படி எழுந்ததில்லை. வெள்ளைக் கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆனால் அந்த ரத்தம் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. அதை வீட்டுக்கு வந்து குளிப்பாட்ட வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது கணவன் சொன்னான். "அம்மாவுக்கு ஒண்ணும் புரியலைங்கறதுதான் ஒரே ஆறுதல். புரியும்னு தெரிஞ்சா சத்தியமா என்னால அனுப்ப முடியாது."

அவள் வாயைத் திறந்தாள். அவன் கண்ணும் சிவந்திருந்தது, கிடங்கின் தூசி. கை சோற்றில் இருக்க, பாதி தூக்கத்தில் இருந்தான்.

"தட்டைக் குடுங்க, கழுவிடறேன்" என்றாள்.

சனிக்கிழமை மாலை மூன்றாம் தொகுதி முடியும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். பாலம் இன்னும் தாங்கியின் தோளில்தான் இருக்கிறது. காப்பாற்றப்பட்டவர்கள் முதலில் கைதட்டுகிறார்கள். அடுத்த கட்டத்தில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கடுத்ததில் ஒருவரும் இல்லை. மழை. பாலத்தின் மேல் வண்டிகள் வழக்கம்போல ஓடுகின்றன. அவன் முகம் கறுப்புக்குள் போய்விட்டது; வெள்ளைச் சுரண்டலில் ஒரு காது மட்டும் தெரிகிறது. எவ்வளவு குறைவாக வரைந்திருக்கிறார் என்று அவள் வியந்துகொண்டிருந்தாள்.

அத்தை பக்கத்தைத் தட்டவில்லை. நிமிர்ந்தால், அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் புத்தகத்தை மூடினாள். "மிச்சத்தை நாளைக்குப் பாப்போம் அத்தை" என்றாள். சொன்ன பிறகுதான் நாளைக்கு என்ன நாள் என்று ஞாபகம் வந்தது. எந்த நாளைக்கு? அத்தை கண்ணை எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் புதுப் பெட்டியோடு வந்தாள். மாலையில் இல்லத்திலிருந்து வண்டி வரும். அத்தையின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். கணவன் மருந்துப் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். இவள் ஈரக் கையோடு கதவோரம் நின்றாள்.

"அண்ணி."

யார் காதிலும் விழவில்லை.

"அண்ணி, அத்தைக்குப் புரியுது."

நாத்தனார் மடிப்பை நிறுத்தினாள். "என்ன புரியுது?"

"நிறைய. வார்த்தையாக் கேட்டா பதில் சொல்ல வரலை, எதுக்கும் சரிதான் வருது. படமா வந்தா புடிச்சிக்கிறாங்க. என் படக்கதைப் புத்தகத்துல ஒரு பக்கம் தாண்டினா கையை வச்சு நிறுத்துறாங்க. விளம்பரத்தைத் தாண்டினா சும்மா இருக்காங்க. ரெண்டு மூணு நாளாப் பாத்துட்டேன்."

இவள் இத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போலப் பேசி அந்த வீடு கேட்டதில்லை.

"படம் பாக்கறதும் புரியறதும் ஒண்ணா? டிவி முன்னாடி பூனைகூடத்தான் உக்காந்து பாக்குது." அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். "அம்மா, இங்க பாருங்க. இது யாரு? மாமாவா? பறக்குற மாமா யாரு, சொல்லுங்க?" நாலைந்து தாள்களை அள்ளித் திருப்பினாள். அத்தை அசையவில்லை. "பாத்தியா?"

"அந்தப் பக்கம் அத்தைக்குக் கண்ணு தெரியாது அண்ணி."

"என்னது?"

"வலது பக்கம் எதுவும் தெரியாது. இந்தப் பக்கம் வந்து நில்லுங்க."

நாத்தனார் எப்போது வந்தாலும் வலது பக்கம்தான் நிற்பாள். கதவு அந்தப் பக்கம் இருந்தது. மெதுவாகக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அத்தையின் முகம் அவள் பக்கம் திரும்பியது. புத்தகத்தைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?" கணவன் கேட்டான். கேள்வி இவளுக்கு.

"இந்த வாரம்தான்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா அனுப்ப மாட்டீங்க." ஈரக் கையை உடுப்பில் துடைத்தாள். "எனக்குத் தூங்கணும்போல இருந்துச்சு. அதனால சொல்லலை. இப்பவும் எனக்கு முடியலைங்க. ஆனா அவங்களைக் கேக்காம தூக்கிட்டுப் போறது தப்பு. ரெண்டும்தான் உண்மை."

நாத்தனாரின் கைப்பையிலிருந்து இல்லத்தின் விளம்பரத் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. இவள் அதை உருவி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டாள். பக்கத்தில் இன்னொன்று.

முதல் கட்டத்தில் இந்த அறை. கட்டில், அதில் கொண்டை போட்ட அத்தை, பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் தன்னை வரைந்தாள். எப்படி இருப்பாளோ அப்படியே, தலை கட்டிலின் விளிம்பில் சாய்ந்து கிடக்க. இரண்டாவது கட்டத்தில் நீள அறை, இரண்டு கட்டில், தொப்பி போட்ட நர்ஸ். வீட்டு ஆள் ஒருவரும் இல்லை. கைகள் எல்லாம் உருளைக்கிழங்குபோல வந்தன. புகைமூட்டம் போட்ட ஓவியரை இனித் திட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

தாளை அத்தையின் இடது பக்கம் பிடித்தாள். எதுவும் கேட்கவில்லை.

அத்தை முதல் கட்டத்தைப் பார்த்தார். இரண்டாவதுக்குப் போனார். திரும்ப முதலாவதுக்கு வந்தார். கை எழுந்தது. விரல் வந்து நின்ற இடம் நாற்காலியில் சாய்ந்து கிடந்த தலை. அங்கேயே இருந்தது. தடவவில்லை, தட்டவில்லை. சும்மா இருந்தது.

"சரி" என்றார், மிகத் தாழ்வாக.

அவள் தாளை இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்தாள்.

விரல் இரண்டாவது கட்டத்துக்கு நகர்ந்தது. நர்ஸைத் தொட்டது. காலியான மூலையைத் தொட்டது. அங்கே நிற்கவில்லை. கட்டங்களுக்குக் கீழே, தாள் வெறுமையாக இருந்த இடத்துக்கு வந்து தட்டியது. இன்னொரு தடவை தட்டியது.

"அடுத்த கட்டமா அத்தை? இன்னொண்ணு வரையணுமா?"

விரல் தாளைவிட்டு எழுந்து நேராக நாத்தனாரைக் காட்டியது.

"என்னையா? என்னம்மா?" நாத்தனார் தம்பியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். பிறகு புரிந்துவிட்டது. "என் வீடா? அய்யோ, என் வீட்டுக்கு மாடிப்படி ஏறணும். எனக்கு ஸ்கூல் இருக்கு. காலையில போனா..."

"சரி, சரி" என்றார் அத்தை. தாளை மறுபடி தட்டினார். பேரம் பேசுகிறவர்களுக்குக் கடை மேசையைத் தட்டுவாரே, அந்தத் தட்டு.

"மாடிப்படியையும் வரைஞ்சிடறேன் அண்ணி" என்றாள் அவள்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனால் கணவன் புஸ்ஸென்று சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அது சிரிப்பு மட்டும்தானா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

அவள் மூன்றாவது கட்டம் போட்டாள். படிகள். படிகளுக்கு மேலே ஒரு கதவு. "ஹால் எப்படி இருக்கும் அண்ணி? ஜன்னல் எந்தப் பக்கம்?"

நாத்தனார் கையில் பாதி மடித்த துணியோடு நின்றாள். நின்றபடியே எதையும் முடிக்கிறவள், இதை முடிக்க முடியாமல் நின்றாள். பிறகு துணியைப் பெட்டியின்மேல் போட்டுவிட்டுக் கட்டிலின் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன வரையற நீ? கதவு அங்கயா இருக்கு? குடு இப்படி." பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். கதவை அடித்துவிட்டு வேறு இடத்தில் போட்டாள். ஜன்னல் போட்டாள். சோபாவைப் போட்டாள். பென்சில் நின்றது. "முழுசா என்னால முடியாது, சொல்லிட்டேன். ஒரு மாசம் இங்க, ஒரு மாசம் அங்க. அந்த ஆயாம்மா அங்கயும் வருவாங்களான்னு கேக்கணும். அதுக்கு மேல யாரும் என்னை ஒண்ணும் கேக்கப்படாது."

"நான் இல்லத்துக்கு ஃபோன் பண்ணிடறேன்கா" என்றான் கணவன். "வண்டி கிளம்பிடப் போகுது."

"பண்ணு, பண்ணு. இரு, கட்டில் எங்க போடறது? சோபாகிட்டப் போட்டா வழி அடைக்கும்."

"ஜன்னலோரமாப் போடு."

"மத்தியானம் வெயில் அடிக்கும்டா."

அத்தையின் விரல் தாளில் ஊர்ந்து ஜன்னலுக்குப் போனது. "சரி."

"வெயில் அடிக்கும்னு சொல்றேன்லம்மா!"

"சரி!"

"அப்புறம் வேகுது, புழுங்குதுன்னு என் உயிரை எடுப்பீங்க."

இழுத்துப் பேசுகிற மழலைக் குரல் போயிருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நாத்தனார் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

வாளியில் துணி இன்னும் ஊறிக்கொண்டுதான் இருந்தது. இந்த மாதம் யாருடைய முறை என்பதையும் யாரும் பேசவில்லை. இந்த வீட்டு முறையாகத்தான் இருக்கும். அவள் நாற்காலியை நாத்தனாருக்கு இடைஞ்சல் இல்லாமல் தள்ளிப்போட்டு உட்கார்ந்தாள். பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது. கட்டில் சோபாவின் பக்கம் போனது, ஜன்னலுக்கு வந்தது, மறுபடி போனது. அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.